பிளவுபடுத்தும் வேட்பாளர் எதிரணியை ஜெயிக்க வைப்பது எப்படி?

வேட்பாளர் பட்டியல் வெளியாகும் நாளில் மதுரைப் பக்கத்து டீக்கடைகளில் ஒரு பேச்சு தவறாமல் அடிபடும்: "இவரையா நிறுத்தியிருக்காங்க? அப்ப எதிர்க்கட்சிக்காரன் பிரச்சாரத்துக்கே போக வேண்டாமே." இத்தனைக்கும் அந்த 'இவருக்கு' ஊரிலேயே பெரிய கூட்டம் கூடும். பேர் சொன்னால் கைதட்டல் கேட்கும். அவருக்காக ராத்திரி பகலாக வேலை பார்க்க இளைஞர்கள் இருப்பார்கள். இவ்வளவு இருந்தும் ஓட்டு எண்ணும் நாளில் அவர் பின்தங்குகிறார், சில சமயம் தன்னோடு சேர்த்துப் பக்கத்துத் தொகுதி வேட்பாளர்களையும் இழுத்துக்கொண்டு தோற்கிறார். இது எப்படி நடக்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

யாரைப் பிளவுபடுத்தும் வேட்பாளர் என்கிறோம்?

எந்த வேட்பாளரைப் பற்றி விசாரித்தாலும் வாக்காளர்கள் மூன்று வகையாகப் பிரிவார்கள். "கண்டிப்பாக இவருக்குத்தான்" என்பவர்கள் ஒரு வகை. "என்ன ஆனாலும் இவருக்குப் போடமாட்டேன்" என்பவர்கள் இன்னொரு வகை. "பார்க்கலாம்" என்பவர்கள் மூன்றாவது வகை. சாதாரண வேட்பாளருக்கு இந்த மூன்றாவது கூட்டம் பெரிதாக இருக்கும். பிளவுபடுத்தும் வேட்பாளர் நின்றால் 'பார்க்கலாம்' என்பவர்கள் குறைந்துபோய், முதல் இரண்டு கூட்டமும் பெருகும்.

செல்வாக்கே இல்லாத வேட்பாளர் வேறு, இவர் வேறு. செல்வாக்கில்லாதவருக்கு ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. இவருக்கு இரண்டும் உச்சத்தில் இருக்கும். கட்சித் தலைமையின் கண்ணுக்கு ஆதரவு மட்டும் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. ஆதரிப்பவர்கள் கொடி பிடித்து மண்டபத்துக்கு வருகிறார்கள். எதிர்ப்பவர்கள் எந்த மண்டபத்திலும் கூடுவதில்லை, வாக்குச்சாவடியில் மட்டும்தான் தெரிகிறார்கள்.

41 தோற்றது, 33 ஜெயித்தது

நம் தேர்தல் முறையில் பாதிக்கு மேல் ஓட்டு வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொகுதியில் யாருக்கு அதிகமோ அவர் வெற்றி. அதனால் ஒரு கட்சி எத்தனை சதவீதம் வாங்கியது என்பது பாதிக் கதைதான். அதை எதிர்த்து விழுந்த ஓட்டு ஒரே இடத்தில் சேர்ந்ததா, சிதறியதா என்பது மீதிக் கதை.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே இரண்டு தேர்தல்கள் சாட்சி.

1967 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் சுமார் 41 சதவீத ஓட்டு வாங்கியது. தி.மு.க. தனியாக வாங்கியதும் ஏறக்குறைய அதே அளவுதான், சொல்லப்போனால் ஒரு துளி குறைவு. ஆனால் காங்கிரசுக்கு 51 இடம்தான் கிடைத்தது, ஆட்சி போனது. காரணம், அந்தப் பக்கம் தி.மு.க. மட்டும் நிற்கவில்லை. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட், முஸ்லிம் லீக் எல்லாம் ஒரே அணியில் நின்றன. கொள்கையை வைத்துப் பார்த்தால் ராஜாஜியும் கம்யூனிஸ்டுகளும் ஒரே மேடைக்கு வரவே முடியாது. இவர்களைச் சேர்த்து வைத்தது அன்றைய ஆட்சியின் மீதிருந்த கோபம். அரிசித் தட்டுப்பாடு ஒரு பக்கம், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைக் கையாண்ட விதம் இன்னொரு பக்கம். அந்தப் போராட்டம் 1965 ஜனவரி 25 அன்று பெரும் கலவரமாக வெடித்த ஊர் மதுரை. முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். காமராஜரே விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார்.

இப்போது 1989-க்கு வருவோம். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அ.தி.மு.க. ஜெயலலிதா அணி, ஜானகி அணி என்று உடைந்தது. காங்கிரஸ் தனியாக நின்றது. தி.மு.க. சுமார் 33 சதவீத ஓட்டில் 150 இடங்களைப் பிடித்து ஆட்சிக்கு வந்தது. ஜானகி அம்மையார் ஆண்டிபட்டியில் தோற்றார். ஆனால் இரண்டு மாதத்துக்குள் அ.தி.மு.க. அணிகள் சேர்ந்தன, இரட்டை இலையும் திரும்பக் கிடைத்தது. மார்ச் மாதம் மதுரை கிழக்கிலும் மருங்காபுரியிலும் ஓட்டுப்பதிவு நடந்தபோது, புதிதாக ஆட்சிக்கு வந்திருந்த தி.மு.க. இரண்டிலும் தோற்றது. இரண்டு மாதத்தில் மக்கள் மனசு தலைகீழாக மாறியிருக்க வாய்ப்பில்லை. சிதறிக் கிடந்த ஓட்டு ஒன்று சேர்ந்தது, அவ்வளவுதான்.

பிளவுபடுத்தும் வேட்பாளர் செய்யும் வேலையும் இதுவே. தனக்கு எதிராகச் சிதறிக் கிடக்கும் ஓட்டை, பேச்சுவார்த்தையோ தொகுதிப் பங்கீடோ எதுவும் இல்லாமலே ஒன்று சேர்த்துவிடுகிறார்.

ஒரு கற்பனைத் தொகுதிக் கணக்கு

இரண்டு லட்சம் ஓட்டுப் பதிவாகும் ஒரு தொகுதி என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும்.

வழக்கமான வேட்பாளர்கள் நின்றால்: முதல் கட்சி 80,000, இரண்டாம் கட்சி 70,000, மூன்றாம் கட்சி 40,000, மற்றவர்கள் 10,000. முதல் கட்சி 10,000 ஓட்டில் வெற்றி.

இப்போது முதல் கட்சி பிளவுபடுத்தும் ஒருவரை நிறுத்துகிறது. அவருக்காகவே ஓட்டுப் போட வரும் புதியவர்கள் 4,000 பேர். அவரைப் பிடிக்காமல் விலகும் சொந்தக் கட்சி ஓட்டு 6,000; அதில் 2,000 இரண்டாம் கட்சிக்குப் போகிறது, 4,000 வீட்டிலேயே இருந்துவிடுகிறது. ஆக முதல் கட்சிக்கு 78,000. நஷ்டம் வெறும் 2,000.

எதிர்ப் பக்கம் என்ன ஆகிறது? மூன்றாம் கட்சிக்காரர்களில் 14,000 பேர், "நம்ம ஆள் ஜெயிக்கப் போவதில்லை, இவர் வராமல் இருந்தால் போதும்" என்று இரண்டாம் கட்சிக்குப் போடுகிறார்கள். வழக்கமாக ஓட்டுப் போடாத 3,000 பேர் இவரைத் தடுக்கவே கிளம்பி வருகிறார்கள். இரண்டாம் கட்சியின் மொத்தம் 70,000 + 14,000 + 3,000 + 2,000 = 89,000.

11,000 ஓட்டில் தோல்வி. முதல் கட்சியின் பெட்டியை மட்டும் பார்ப்பவருக்குப் பெரிதாக எதுவும் நடந்த மாதிரியே தெரியாது. தோற்ற வேட்பாளரும் "என் ஓட்டு அப்படியே இருக்கு, எவனோ துரோகம் பண்ணிட்டான்" என்பார். அவர் சொல்வதில் முதல் பாதி ஏறக்குறைய உண்மைதான்.

கட்சி மாறிப் போகும் ஓட்டு இரட்டைச் சேதம் என்பதையும் கவனிக்க வேண்டும். வீட்டில் இருந்துவிடும் ஓட்டு நம் கணக்கில் ஒன்றைக் குறைக்கும். எதிராளிக்கு விழும் ஓட்டு நமக்கு ஒன்றைக் குறைத்து அங்கே ஒன்றைக் கூட்டும்.

எந்தெந்த வழியில் லாபம் எதிரணிக்குப் போகிறது?

1. மூன்றாம் இடத்தவரின் ஓட்டு கரைகிறது. மேலே பார்த்த 14,000 இதுதான். நடுநிலை வாக்காளர் மட்டும் இப்படிச் செய்வார் என்று நினைக்க வேண்டாம், கட்சி உறுப்பினர் அட்டை வைத்திருப்பவரும் செய்வார். மதுரையைச் சுற்றியுள்ள தொகுதிகளில் இதற்குச் சாதிக் கணக்கும் துணை போகிறது. உசிலம்பட்டி போன்ற இடங்களில் முக்கியக் கட்சிகள் பெரும்பாலும் ஒரே சமூகத்திலிருந்துதான் வேட்பாளரைத் தேடுகின்றன. அந்தச் சமூகத்து ஓட்டு இரண்டு மூன்றாகப் பிரிகிறது. அப்போது எண்ணிக்கையில் சிறிய சமூகங்கள் எல்லாம் சேர்ந்து எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதே முடிவைத் தீர்மானிக்கும். வேட்பாளர்களில் ஒருவர் தங்களை மிரட்டுபவர், மதிக்காதவர் என்ற பயம் அந்த மக்களுக்கு இருந்தால், அவர்கள் சத்தமே இல்லாமல் ஒரே பக்கம் போய்விடுவார்கள்.

2. வீட்டில் இருப்பவர்கள் கிளம்புகிறார்கள். பயமும் கோபமும் பிடித்த வேட்பாளர் மேல் உள்ள அன்பைவிடச் சீக்கிரம் ஆளைக் கிளப்பும். அமெரிக்க ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ ஹாலும் டேனியல் தாம்ப்சனும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. தீவிர நிலைப்பாடு கொண்டவரை நிறுத்தினால் சொந்தக் கட்சிக்காரர்கள் உற்சாகமாக வருவார்கள் என்று கட்சிகள் நம்புகின்றன. நடப்பது நேர்மாறு: வந்து ஓட்டுப் போட்டவர்களில் எதிர்க்கட்சிக்காரர்களின் பங்கு கூடுகிறது.

3. சொந்தக் கட்சியே கை கட்டி நிற்கிறது. உள்ளடி வேலை என்று இதை ஊரில் சொல்வோம். வட்டச் செயலாளர் ஊர்வலத்துக்கு வருவார், சால்வையும் போடுவார். ஆனால் ஓட்டுப்பதிவு அன்று மதியம் மூன்று மணிக்கு, இன்னும் வராத வாக்காளர்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட ஆள் அனுப்பமாட்டார். "இவர் ஜெயித்தால் மாவட்டத்தில் நமக்கு இடமிருக்காது" என்ற கணக்கு அவருக்கு.

4. பேசுபொருள் கைமாறுகிறது. விலைவாசி, குடிதண்ணீர், வைகைப் பாசனம், ஆட்சியின் குறைகள் என்று பேசி ஓட்டு வாங்கியிருக்க வேண்டிய கட்சி, தன் வேட்பாளர் நேற்று பேசியதற்கு இன்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும். ஆளுங்கட்சி மீது மக்களுக்கு இருக்கும் கோபமெல்லாம் பின்னுக்குப் போய், 'இவர் வேண்டுமா வேண்டாமா' என்பதே தேர்தலாகிவிடும். என் கணிப்பில் இந்த ஐந்தில் மிகப் பெரிய சேதம் இதுதான். மற்றவை ஒரு தொகுதியைக் கெடுக்கும். இது கட்சியின் மொத்தப் பிரச்சாரத்தையும் முடக்கும்.

5. பக்கத்துத் தொகுதிக்கும் பரவுகிறது. இதற்கு மதுரை மாவட்டமே உதாரணம்.

மதுரை: 2009-லிருந்து 2011-க்கு

2009 மக்களவைத் தேர்தலில் மு.க.அழகிரி மதுரையில் சுமார் 1.4 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே ஆண்டு ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலிலும் தி.மு.க. பெரிய வித்தியாசத்தில் ஜெயித்திருந்தது. தென்மண்டல அமைப்புச் செயலாளர், அப்புறம் மத்திய அமைச்சர். தெற்கே தி.மு.க. என்றால் அவர்தான் என்ற நிலை.

இரண்டே ஆண்டில் வந்த சட்டமன்றத் தேர்தலில் மதுரை மாவட்டத்தின் 10 தொகுதிகளிலும் தி.மு.க. அணி தோற்றது. ஒன்றுகூடத் தேறவில்லை.

இதற்கு மின்வெட்டு, விலைவாசி, 2ஜி வழக்கு என்று மாநிலம் முழுக்கப் பல காரணங்கள் உண்டு. அழகிரி அந்தத் தேர்தலில் வேட்பாளரும் இல்லை. ஆனாலும் மதுரையில் பிரச்சாரம் அவரைச் சுற்றியே நடந்தது. ஜெயலலிதா 2010 அக்டோபரிலேயே மதுரைக்கு வந்து பெரிய கூட்டம் போட்டு, அழகிரியின் ஆதிக்கத்தைத்தான் முதல் விஷயமாக வைத்தார். மாநிலத்தின் மற்ற மூலைகளிலும் மதுரை நிலவரம் பிரச்சாரத்தில் பேசப்பட்டது. ஒரு வட்டாரத்தில் கட்சியின் பலமாக இருந்த ஒரு பெயர், எதிரணிக்கு மாநிலம் முழுக்கப் பேசும் பொருளாகிவிட்டது.

கூட்டணிக் கணக்கும் இதில் சேர்ந்தது. 2009-ல் விஜயகாந்தின் தே.மு.தி.க. தனியாக நின்றது. (மதுரையில் அது வாங்கிய ஓட்டு அழகிரியின் வித்தியாசத்தைவிடக் குறைவு, அது அ.தி.மு.க. பக்கம் இருந்திருந்தாலும் அவர் ஜெயித்திருப்பார்.) 2011-ல் அதே கட்சி அ.தி.மு.க. அணிக்கு வந்து மதுரை மத்தி, திருப்பரங்குன்றம் இரண்டையும் பிடித்தது. மதுரை தெற்கில் மார்க்சிஸ்ட், உசிலம்பட்டியில் பார்வர்டு பிளாக். ஒவ்வொரு தொகுதியிலும் எதிர்ப்பு ஓட்டு ஒரே சின்னத்துக்குப் போகும்படி அணி அமைந்திருந்தது.

தலைவரே பிளவுபடுத்துபவராக இருந்தால்

வேட்பாளர் பிளவுபடுத்தினால் தொகுதி போகும். தலைவர் பிளவுபடுத்தினால் கூட்டணியே உடையும்.

1996-ல் ஜெயலலிதா ஆட்சி மீது இருந்த கோபம் ஊரறிந்தது. அப்படியிருந்தும் நரசிம்ம ராவ் அ.தி.மு.க.வோடு கூட்டணி என்று முடிவெடுத்தார். மூப்பனார் தமிழ் மாநில காங்கிரசைத் தொடங்கி தி.மு.க. பக்கம் போனார், ரஜினிகாந்தும் அந்த அணியை ஆதரித்தார். தி.மு.க. 173, த.மா.கா. 39, அ.தி.மு.க.வுக்கு வெறும் 4. பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். அவர் எதிரணிக்குக் கொடுத்தது ஓட்டு மட்டும் இல்லை, ஒரு புதுக் கட்சியையே கொடுத்தார்.

ஆனால் 2001-ல் இதே த.மா.கா. அவரோடு சேர்ந்தது. காங்கிரஸ், பா.ம.க., இடதுசாரிகள் எல்லாரும் சேர்ந்தார்கள், அவர் கட்சி 132 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. அவர் மீதான எதிர்ப்பு காணாமல் போகவில்லை. அந்த எதிர்ப்பு போய்ச் சேர ஒரு பெரிய அணி இந்த முறை மிச்சமில்லை.

2004 மக்களவைத் தேர்தலில் திரும்பவும் சறுக்கல். ஒரே உத்தரவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை நீக்கியது, மதமாற்றத் தடைச் சட்டம், கோயில்களில் ஆடு கோழி வெட்டத் தடை என்று ஒவ்வொரு முடிவும் ஒவ்வொரு கூட்டத்தை எதிர்ப் பக்கம் தள்ளியது. குலசாமிக்குக் கிடா வெட்டும் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் அந்தத் தடை எப்படி எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் தோல்வி. தேர்தல் முடிந்த சூட்டோடு பல முடிவுகளை அவர் திரும்பப் பெற்றார். 2006-ல் ஆட்சி போனாலும் அ.தி.மு.க.வுக்கு 61 இடம் கிடைத்தது, தி.மு.க.வால் 96-ஐத் தாண்ட முடியவில்லை.

அண்மைக் காலத்துக்கு வந்தால், 2023 செப்டம்பரில் அண்ணா, ஜெயலலிதா பற்றிய பா.ஜ.க. மாநிலத் தலைமையின் பேச்சைக் காரணம் காட்டி அ.தி.மு.க. கூட்டணியை விட்டு வெளியேறியது. 2024 மக்களவைத் தேர்தலில் மதுரையில் தி.மு.க. அணியின் சு.வெங்கடேசன் சுமார் 4.30 லட்சம், பா.ஜ.க. 2.21 லட்சம், அ.தி.மு.க. 2.05 லட்சம். 'இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட சமம்' என்று பலர் கணக்குப் போட்டார்கள். ஆனால் இரண்டு கட்சியும் சேர்ந்தே நின்ற 2019-ல் அந்த அணி வேட்பாளர் வாங்கியது சுமார் 3.08 லட்சம்தான்; அப்போது அ.தி.மு.க.விலிருந்து பிரிந்த அ.ம.மு.க. தனியாக நின்றது. பா.ஜ.க. இருப்பதாலேயே அ.தி.மு.க.வுக்குப் போடாத வாக்காளர்கள் உண்டு, தனியாக நின்றால் திரும்பி வருவார்கள். பிளவுபடுத்தும் தலைமையை வைத்துக்கொண்டு கூட்டல் கணக்குப் போட்டால் விடை எப்போதும் குறைவாகத்தான் வரும். 2025 ஏப்ரலில் கூட்டணி மறுபடி அமைந்த அதே சமயத்தில் பா.ஜ.க. மாநிலத் தலைமையும் மாறியது.

எதிராளியே ஆளைத் தேர்ந்தெடுத்தால்?

அமெரிக்காவில் ஒரு கட்சியின் வேட்பாளரைத் தலைமை அறிவிப்பதில்லை. வாக்காளர்களே உட்கட்சித் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். இதனால் எதிரணிக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. 2012-ல் மிசோரி மாநில செனட் இடத்தில் ஜனநாயகக் கட்சியின் கிளேர் மெக்காஸ்கில் தோற்கும் நிலையில் இருந்தார். குடியரசுக் கட்சி உட்கட்சித் தேர்தலில் டாட் ஏக்கின் என்பவரைப் பற்றி 'இவர் மிகத் தீவிரமான பழமைவாதி' என்று மெக்காஸ்கில் தரப்பே 17 லட்சம் டாலர் அளவுக்கு விளம்பரம் செய்தது. திட்டுவது மாதிரி இருக்கும் அந்த விளம்பரம், தீவிர வாக்காளர்களுக்குப் பாராட்டாகவே கேட்டது. ஏக்கின் தேர்வானார். பிறகு பாலியல் வன்கொடுமை பற்றி அவர் பேசிய பேச்சு நாடு முழுக்கக் கொதிப்பைக் கிளப்பியது. மெக்காஸ்கில் 15 சதவீதத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே நாளில் அதே மாநிலத்தில் அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ராம்னி 9 சதவீதத்துக்கும் மேல் முன்னணி பெற்றார். ஒரே வாக்குச்சீட்டில் மேலே ஒரு கட்சிக்கும் கீழே இன்னொரு கட்சிக்கும் லட்சக்கணக்கானவர்கள் போட்டார்கள் என்று பொருள்.

ஆண்ட்ரூ ஹால் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பொதுவாகவே அளந்தது. உட்கட்சித் தேர்தலில் மிதவாதியும் தீவிரப் போக்குள்ளவரும் மயிரிழையில் மோதி, தீவிரப் போக்குள்ளவர் ஜெயித்துவிட்டால், பொதுத்தேர்தலில் அந்தக் கட்சியின் ஓட்டு சராசரியாக 9 முதல் 13 சதவீதப் புள்ளி குறைகிறது.

பிரான்ஸில் 2002 அதிபர் தேர்தல் இன்னும் தெளிவான உதாரணம். முதல் சுற்றில் ஜாக் சிராக்குக்கு 20 சதவீதம்கூட இல்லை. இரண்டாம் சுற்றில் எதிரே நின்றவர் தீவிர வலதுசாரி ழான்-மரி லெ பென். சிராக்கைப் பல ஆண்டுகளாக எதிர்த்து வந்த இடதுசாரிகள் எல்லாம் அவருக்கே போட்டார்கள். சிராக்குக்கு 82 சதவீதம்.

எப்போது இந்தக் கணக்கு பொய்க்கும்?

பிளவுபடுத்துபவர் என்றாலே தோல்வி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிர்ப்பு ஓட்டு சேர ஓர் இடமில்லாவிட்டால் அவர் ஜெயிப்பார். எதிரே நிற்பவரும் அதே அளவு வெறுக்கப்படுபவராக இருந்தாலும் ஜெயிப்பார். 2016-ல் டிரம்ப்பை எதிர்த்து நின்ற ஹிலாரி கிளின்டனுக்கும் எதிர்ப்பு பலமாக இருந்தது. கிளின்டன் சுமார் 29 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும், மாநிலவாரிக் கணக்கில் டிரம்ப் அதிபரானார். எதிராளியை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. பலவீனமானவர் என்று நினைத்து வளர்த்துவிட்ட ஆள் ஜெயித்துவிட்டால், அவர் ஆட்சியில் வாழப் போவது மக்கள்தான்.

நம் தொகுதியில் நடந்ததா என்று பார்ப்பது எப்படி?

தேர்தல் முடிந்ததும் வாக்குச்சாவடி வாரியான முடிவு 'படிவம் 20' என்ற பெயரில் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் வெளியாகும். யாரும் எடுத்துப் பார்க்கலாம். சாவடி எல்லைகள் பெரிதாக மாறாத இரண்டு தேர்தல்களை எடுத்துக்கொண்டு, ஒரே பகுதியின் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1. வேட்பாளரின் ஓட்டு ஏறக்குறைய அப்படியே இருந்து, மூன்றாம் கட்சியின் ஓட்டு சரிந்து, இரண்டாம் கட்சிக்கு அதே அளவு கூடியிருந்தால், எதிர்ப்பு ஒன்று சேர்ந்திருக்கிறது.

2. மொத்த ஓட்டுப்பதிவு கூடியும் வேட்பாளருக்குக் கூடவில்லை என்றால், வீட்டில் இருந்தவர்கள் அவரைத் தடுக்கத்தான் வந்திருக்கிறார்கள்.

3. கட்சியின் கோட்டை என்று சொல்லப்படும் சாவடிகளில் மட்டும் ஓட்டுப்பதிவு குறைந்திருந்தால், சந்தேகப்பட வேண்டியது உள்ளடியை. மற்ற இடங்களில் சரிவு, கோட்டையில் உயர்வு என்றால் அது உள்ளடி இல்லை, வேட்பாளரே காரணம்.

சட்டமன்றமும் மக்களவையும் வேறு வேறு மனநிலையில் நடக்கும் தேர்தல்கள் என்பதால் இரண்டையும் கலந்து ஒப்பிடாமல், சட்டமன்றத்தைச் சட்டமன்றத்தோடு மட்டும் ஒப்பிடுவது நல்லது.